30 யார் (கெஜம்) தூரத்தில் பிராட்ஹெட் (பிளேடுள்ள வேட்டை முனை) மட்டும் இடப்பக்கம் போகிறது: முனையை மாற்றுவதா, வில்லைச் சரிசெய்வதா?

பனங்காடு (மார்க்கம், ஒன்ராறியோ)

எல்லோருக்கும் வணக்கம். ஒக்டோபரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக ஆயத்தம் செய்கிறேன். பயிற்சி வகுப்பு, அவுட்டோர்ஸ் கார்ட் எல்லாம் முடிந்துவிட்டது. அம்புதான் பிரச்சினை.

வில்: காம்பவுண்ட் (நுனிகளில் சக்கரம் உள்ள வகை), 60 இறாத்தல் (பவுண்டு), இழுவை நீளம் 28 அங்குலம், வலக்கை, ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கைக்கருவி) வைத்து விடுகிறேன். ரெஸ்ட் (அம்பு தங்கும் தாங்கி) டிராப்-அவே வகை, அம்பு கிளம்பும்போது கீழே விழுவது. அம்பு: கார்பன், 400 ஸ்பைன் (தண்டின் விறைப்பு எண்), 28 அங்குலத்துக்கு வெட்டியது, அலுமினிய இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு), 2 அங்குல இறகு மூன்று, நேராக ஒட்டியது. முனை 100 கிரெய்ன் (அம்பு எடையை அளக்கும் சிறு அலகு).

ஃபீல்ட் பாயின்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) போட்டால் 30 யாரில் மூன்று அம்பும் ஒரு உள்ளங்கைக்குள் விழும். அதே எடையில் மூன்று பிளேட் ஃபிக்ஸ்டு (பிளேடு அசையாத) பிராட்ஹெட் போட்டால் 5 அங்குலம் இடப்பக்கமும் 3 அங்குலம் கீழேயும் போகிறது. 20 யாரில் 2 அங்குலம் இடது, 1 அங்குலம் கீழ். கடையில் கேட்டால் ஒருவர் சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவி) நகர்த்து என்கிறார், இன்னொருவர் மெக்கானிக்கல் (பட்டதும் பிளேடு விரியும் முனை) வாங்கு என்கிறார். இதோடு அம்பின் எடையையும் கூட்டவேணுமோ? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கோ.

நாண்கயிறு

சைட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 20 யாரில் 2 அங்குலம், 30 யாரில் 5. தூரம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது, விலகல் இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. வெறும் குறிப் பிழையாக இருந்தால் 30-இல் 3 அங்குலம்தான் வரவேண்டும். ஆக, அம்பு பறக்கும்போதே வளைந்துகொண்டு போகிறது. 30 யாருக்குச் சைட்டைச் சரிசெய்தால் 20-இலும் 40-இலும் மறுபடி விலகும்.

காரணம் இதுதான். அம்பு வில்லை விட்டுக் கிளம்பும் நொடியில் அதன் வாலும் தலையும் ஒரே கோட்டில் இல்லை. ஃபீல்ட் பாயின்ட்டுக்குப் பக்கவாட்டில் காற்று பிடிக்கப் பரப்பே கிடையாது. அதனால் பின்னால் உள்ள இறகுகள் சில யார்களுக்குள் அம்பை நிமிர்த்திவிடுகின்றன, நமக்குக் கோணல் தெரிவதேயில்லை. ஃபிக்ஸ்டு பிராட்ஹெட்டில் முன்னாலும் மூன்று சிறகு முளைத்துவிடுகிறது. அது தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும்.

ரெஸ்ட்டை நகர்த்துமுன் சில சோதனைகள். இதை விட்டுவிட்டு நேராக ரெஸ்ட்டுக்குப் போகிறவர்கள்தான் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

வில்லில் இரண்டு கேம் (நாண் சுற்றும் சக்கரம்) இருந்தால் முழு இழுப்பில் இரண்டின் ஸ்டாப்பும் (தடுப்பும்) ஒரே நேரத்தில் முட்டவேண்டும். வேறொருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். லிம்ப் போல்ட் (வில்லின் வளையும் பட்டைகளைப் பூட்டும் திருகு) மேலும் கீழும் ஒரே அளவு திருகப்பட்டிருக்கவேண்டும். அம்பை நாணில் மாட்டினால் அது ரெஸ்ட்டைப் பூட்டும் துளையின் நடுவில், நாணுக்கு 90 பாகையில் இருக்கவேண்டும். பக்கவாட்டில், ரைசரிலிருந்து (கைப்பிடியுள்ள நடுச் சட்டம்) அம்பின் நடுவரை ஏறக்குறைய 13/16 அங்குலம் என்பது பெரும்பாலான வில்களுக்குத் தொடக்க அளவு. உங்கள் வில்லின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுங்கள்.

அடுத்தது இறகு எங்காவது உரசுகிறதா என்பது. காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை இறகுகளிலும் ரெஸ்ட்டிலும் அடித்து ஒரு அம்பு விடுங்கள். வெள்ளைப் பொடியில் கீறல் விழுந்த இடம்தான் உரசும் இடம். டிராப்-அவே ரெஸ்ட்டின் கயிறு நீளம் தவறினால் ரெஸ்ட் தாமதமாக விழும், இறகு அதில் தட்டும். இந்த உரசல் இருக்கும்வரை நீங்கள் செய்யும் எந்தத் திருத்தமும் நிலைக்காது.

பிறகு காகிதம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய காகிதத்தின் முன் 2 யாரில் நின்று, ஃபீல்ட் பாயின்ட் அம்பை விடுங்கள். முனை போன ஓட்டைக்கு மேலே வால் கிழித்திருந்தால் ரெஸ்ட்டை உயர்த்துங்கள் அல்லது டி-லூப்பை (ரிலீஸை மாட்ட நாணில் கட்டிய வளையம்) கீழே இறக்குங்கள். வால் கீழே கிழித்தால் நேர் எதிர். பக்கவாட்டுக் கிழிசலுக்கு உடனே ரெஸ்ட்டைக் குற்றம் சொல்லவேண்டாம், பாதி நேரம் அது கைப்பிடியின் வேலை. பிடியின் அழுத்தம் பெருவிரல் அடிச் சதையில், உள்ளங்கை ரேகைக்கு இப்பால் விழவேண்டும். விரல் முட்டிகள் 45 பாகை சாய்ந்திருக்கவேண்டும். விரல்களால் வில்லை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு கிழிசல் வரும். கால் அங்குலத்துக்குள் வந்துவிட்டால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போங்கள். மீதியைப் பிராட்ஹெட்டே காட்டிக்கொடுக்கும்.

இப்போது முக்கியமான கட்டம். ஒரே அளவில் செய்த ஆறு அம்பு எடுங்கள், மூன்றில் ஃபீல்ட் பாயின்ட், மூன்றில் பிராட்ஹெட். 20 யாரில் தொடங்குங்கள். ஒரே புள்ளியில் இரண்டு பிராட்ஹெட் விடாதீர்கள், இறகும் தண்டும் வெட்டுப்படும். தனித்தனிப் புள்ளிகள் வைத்து விலகலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுதான்: பிராட்ஹெட் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகர்த்து. உங்களுடையது கீழே போகிறது, ரெஸ்ட்டை உயர்த்துங்கள். இடது போகிறது, ரெஸ்ட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். முதலில் மேல்-கீழை முடியுங்கள், அதற்குப் பிறகே பக்கவாட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதை மாற்றியது என்றே தெரியாது. ஒரு தடவைக்கு 1/32 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 20-இல் சேர்ந்ததும் 30, பிறகு 40.

இந்த வேலையில் ஃபீல்ட் பாயின்ட்டும் இடம் மாறும். பதறவேண்டாம். இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்வதுதான் நமக்குத் தேவை. சேர்ந்த பிறகு, சைட்டை நகர்த்தி இரண்டையும் ஒன்றாகப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

தொடக்க இடத்திலிருந்து 1/8 அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் நகர்த்தியும் சேரவில்லையா? நிறுத்துங்கள். ஸ்பைன் பொருந்தவில்லை, அல்லது கேம் சாய்ந்திருக்கிறது. கேம் சாய்வைச் சரிசெய்யப் பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் பொறி) வேண்டும், அது கடை வேலை.

கூர்முனை (பென்சில்வேனியா)

டியூனிங் பற்றி நாண்கயிறு சொன்னதை அப்படியே செய்யுங்க. நான் முனை, எடை ரெண்டைப் பற்றி மட்டும் எழுதுறேன்.

முதல்ல, மெக்கானிக்கல் வாங்கினா இந்தச் சிக்கல் தீராது, கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். பிளேடு மடங்கி இருக்கிறதால காத்து பிடிக்காது, ஃபீல்ட் பாயின்ட் விழுற இடத்துலயே விழும். ஆனா வால் கோணலா ஆடிக்கிட்டு வர்ற அம்பு மான் மேல படும்போது அதோட விசை தண்டு நீளத்துக்கு நேரா முனைக்குப் போகாது. தண்டு பக்கவாட்டில வளைஞ்சு, ஊடுருவல் பாதியில நின்னுடும். அதனால மெக்கானிக்கல் போடறவங்களும் ஃபிக்ஸ்டு வச்சு டியூன் பண்ணிட்டுத்தான் மாத்தணும்.

மெக்கானிக்கலோட பலம் வெட்டு அகலம். ஃபிக்ஸ்டு பெரும்பாலும் 1 1/8 அங்குலம் பக்கத்துல இருக்கும், மெக்கானிக்கல் ஒன்றரை, 2 அங்குலம் வரைக்கும் திறக்கும். ரத்தத் தடம் நல்லா விழும். அதுக்குப் பதிலா இழக்கிறது என்னன்னா, பிளேடு திறக்கவும் அந்த அகலத்தை வெட்டவும் அம்போட ஆற்றல் செலவாகும். சாய்வான கோணத்துல பட்டா ஒரு பிளேடு முதல்ல மாட்டி அம்பு திசை திரும்பலாம். பிளேடை மடக்கிப் பிடிக்கிற ரப்பர் வளையமோ காலரோ தளர்ந்திருந்தா பறக்கும்போதே திறந்துடும். 50 பவுண்டுக்குக் கீழ இழுக்கிறவங்க மெக்கானிக்கல் பக்கமே போகாம, நுனியிலிருந்தே வெட்டிக்கிட்டுப் போற ரெண்டு பிளேடு ஃபிக்ஸ்டு எடுக்கிறது நல்லது. உங்க 60 பவுண்டுக்கு எதுவும் ஓடும். முதல் சீசனுக்கு என் தேர்வு ஃபிக்ஸ்டுதான். அதுல திறக்காம போற பாகம்னு ஒண்ணும் கிடையாது.

இப்ப எடை. உங்க அம்பு சுமார் இப்படி: இன்ச்சுக்கு 9 கிரெய்ன் தண்டுன்னா 28 இன்ச்சுக்கு 252, இறகு மூணும் 18, நாக் (நாண்ல மாட்டுற வால் துண்டு) 10, அலுமினிய இன்சர்ட் 16, முனை 100. மொத்தம் 396. அலுமினியத்துக்குப் பதிலா 50 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் போட்டா 430 ஆகும்.

எடை கூடினா வேகம் குறையுமேன்னு எல்லாரும் பயப்படுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆற்றல்னா கிரெய்ன் எடையை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கி 450,240-ஆல் வகுக்கணும், அடி-பவுண்டுல வரும். 350 கிரெய்ன், நொடிக்கு 280 அடின்னா 60.9. 430 கிரெய்ன், 255 அடின்னா 62.1. கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா உந்தம், அதாவது எடையை வேகத்தால பெருக்கி 225,400-ஆல் வகுத்தது, முதல்ல 0.435, ரெண்டாவதுல 0.486. எலும்புல பட்டாலும் தள்ளிக்கிட்டுப் போறது இந்த உந்தம்தான். கூடவே கனமான அம்பு வில்லோட சத்தத்தையும் குறைக்கும்.

அம்பு ஊடுருவலை ஆராய்ஞ்ச எட் ஆஷ்பியோட சோதனைகளைப் படிச்சவங்க 650 கிரெய்ன் வேணும்னு சொல்லுவாங்க. அது கனமான எலும்புள்ள பெரிய விலங்குக்கு அவர் சொன்ன எல்லை. வெள்ளைவால் மானுக்கு 60 பவுண்டு வில்லுல அவ்வளவு போட்டா, பறக்கிற பாதை ரொம்ப வளைஞ்சு, தூரத்தை ரெண்டு மூணு யார் தப்பா கணிச்சாலே கீழே போயிடும். 420-லிருந்து 450 போதும்.

ஒரு எச்சரிக்கை. முன்பக்கம் எடை கூடினா தண்டு இன்னும் வளையும், அதாவது அதே 400 ஸ்பைன் இன்னும் மெலிசான மாதிரி நடந்துக்கும். 60 பவுண்டு, 28 இன்ச்சுக்கு 400-ன்னாலே ஓரத்துலதான் நிக்குது. பித்தளை இன்சர்ட் போடறதா இருந்தா 340 தண்டுக்குப் போங்க. ஸ்பைன் எண் சின்னதா இருந்தா தண்டு விறைப்பு அதிகம்: 28 இன்ச் இடைவெளியில தாங்கி, நடுவுல 880 கிராம் தொங்கவிட்டா 0.340 இன்ச் தொய்ஞ்சா 340, 0.400 தொய்ஞ்சா 400.

இப்ப இருக்கிற தண்டு மெலிசான்னு காசு செலவில்லாம பாக்கலாம். ரெண்டு லிம்ப் போல்ட்டையும் ஒரே அளவா ஒரு சுத்து தளர்த்துங்க, 2 அல்லது 3 பவுண்டு குறையும். அப்ப பிராட்ஹெட் தானா ஃபீல்ட் பாயின்ட் பக்கம் வந்தா, ஸ்பைன் மெலிசுதான்.

இறகை நேரா ஒட்டியிருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க. ஃபிக்ஸ்டு முனைக்கு அது போதாது. 2-3 பாகை சாய்வோ ஹெலிகலோ (சுருள் வளைவு) வச்சு ஒட்டுங்க, அம்பு சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும். சிங்கிள் பெவல் (விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வா தீட்டின) முனை வாங்கினா அதோட சாய்வும் இறகு சுழற்சியும் ஒரே பக்கமா இருக்கணும். வலது பெவலுக்கு வலது ஹெலிகல்.

பனங்காடு

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. டி-லூப்பைத் தொடாமல் ரெஸ்ட்டை மட்டும் உயர்த்தினேன், மேல்-கீழ் சரியாக வந்துவிட்டது. வலப்பக்கம் நகர்த்திய பிறகு 30 யாரில் 2 அங்குலம்தான் மிச்சம். ஆனால் ஆறில் ஒரு அம்பு, எண் போட்டு வைத்திருக்கிறேன், எப்போதும் தனியாக 4 அங்குலம் விலகுகிறது. ஃபீல்ட் பாயின்ட் போட்டால் அதுவும் நல்ல பிள்ளையாக வருகிறது. முனைப் பிளேட்டை இறகுக்கு நேராக வைக்கவேணும் என்று ஒருவர் சொன்னார், அதுதானோ?

எயினன் (மினசோட்டா)

பிளேட்டை இறகுக்கு நேராக்கவேண்டும் என்பது பழைய நம்பிக்கை, அதனால் ஒன்றும் ஆகாது. உங்கள் அம்பில் முனை தண்டுக்கு நேராக உட்காரவில்லை. அதைத்தான் பார்க்கவேண்டும்.

பிராட்ஹெட் பூட்டிய அம்பைச் சுழற்றும் தாங்கியில் வைத்துச் சுழற்றுங்கள். தாங்கி இல்லையென்றால் முனையை ஒரு மரத்துண்டில் செங்குத்தாக ஊன்றி, தண்டை இரு விரலால் பம்பரம்போல் சுழற்றலாம். முனையும் தண்டும் சேரும் இடத்தைக் கண் வைத்துப் பாருங்கள். அங்கே நடுக்கம் தெரிந்தால், அதே முனையை நல்ல அம்பில் மாட்டிச் சுழற்றுங்கள். நடுக்கம் முனையோடு போனால் முனை கோணல், தூக்கிப் போடுங்கள். அம்பிலேயே தங்கினால் இன்சர்ட்டோ தண்டின் வெட்டு முனையோ கோணல்.

வெட்டு முனையைச் சரிசெய்வது எளிது. தண்டு விளிம்பையும் இன்சர்ட்டின் முகத்தையும் மார்க்கரால் கறுப்பாக்குங்கள். பிறகு ஸ்குவரிங் கருவியில் (வெட்டு முனையைச் சமமாகத் தேய்ப்பது) வைத்து மெல்லச் சுழற்றுங்கள். முதல் சுற்றில் ஒரு பக்கம் மட்டும் மை போய் மறுபக்கம் கறுப்பாகவே நிற்கும். அந்தக் கறுப்புப் பக்கம்தான் பள்ளம். மை வட்டம் முழுக்க ஒரே சீராகப் போகும்வரை தேய்த்தால் போதும், அதற்கு மேல் தேய்க்கவேண்டாம். கார்பன் தூசு மூக்கில் போகாமல் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

புது அம்பு கட்டும்போது இன்சர்ட் ஒட்டுமுன் தண்டின் உட்புறத்தை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள், பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை. எப்பாக்ஸியை இன்சர்ட்டில் தடவிச் சுழற்றிக்கொண்டே தள்ளவேண்டும், அப்போதுதான் பசை எல்லாப் பக்கமும் பரவும். ஹாட் மெல்ட் போட்டால் சூட்டை இன்சர்ட்டுக்குத்தான் காட்டவேண்டும், தண்டுக்கு அல்ல. கார்பன் தண்டு அதிகச் சூடானால் அதன் பிசின் கெட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

சுழற்றிப் பார்த்து நடுக்கமே இல்லையென்றால் அம்பின் வாலிலுள்ள நாக்கைத் திருப்பிப் பாருங்கள். கார்பன் தண்டு எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை. நாக்கை அடுத்த இறகு மேலே வரும்படி திருப்பி விடுங்கள், பிறகு மூன்றாவது. மூன்றில் ஒரு நிலையில் கூட்டத்தோடு சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். அந்த நிலையைத் தண்டில் குறித்து வையுங்கள். எதிலும் சேராத அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள், காட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம்.

முன்பக்க எடைச் சமநிலையையும் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். நாக் பள்ளத்திலிருந்து தண்டின் முனைவரை 28.5 அங்குலம் என்று வையுங்கள், முனை நீளத்தைச் சேர்க்கக்கூடாது. முனை பூட்டிய அம்பு விரலில் நேராக நிற்கும் இடம் நாக்கிலிருந்து 17.9 அங்குலம் என்றால், பாதியான 14.25-ஐக் கழித்து, 28.5-ஆல் வகுத்தால் 12.8 சதவீதம். அலுமினிய இன்சர்ட்டோடு உங்களுக்கு இந்த அளவுதான் வரும், பித்தளை போட்டால் 15-ஐத் தாண்டும். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை என்பது வழக்கம். கொஞ்சம் கூடினால் தப்பில்லை.

கடைசியாக மிச்சமுள்ள அந்த 2 அங்குலம். இந்த அம்பை விலக்கிவிட்டு மற்ற ஐந்தின் கூட்டத்தை மறுபடி அளந்த பிறகு ரெஸ்ட்டைத் தொடுங்கள். ஒரு கெட்ட அம்பு கணக்கில் இருந்தால் சராசரி பொய் சொல்லும்.

நாண்கயிறு

எயினன் சொன்னதோடு பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. கார்பன் அம்பை ஒவ்வொரு தடவை விடுமுன்னும் இரு கையால் லேசாக வளைத்து, திருகி, காதருகே வையுங்கள். சின்னதாக முறியும் சத்தம் கேட்டாலோ விரலில் சிலும்பு தட்டினாலோ உடைத்து எறியுங்கள். விரிசல் விட்ட தண்டு நாண் விசையில் நொறுங்கினால் வில் பிடித்த கையில்தான் குத்தும். பிராட்ஹெட்டை வெறும் கையால் திருகவே கூடாது, கூடவே வரும் குறடு அதற்குத்தான்.

உங்களுக்கும் மானுக்கும் இடையிலுள்ள தூரத்தை 30 யாருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 255 அடி போகும் அம்பு 90 அடியைக் கடக்க 0.35 நொடி ஆகும். நாணின் சத்தம் 0.08 நொடியில் மானை எட்டிவிடும். மீதி கால் நொடியில், மிரண்ட மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். மான் நிமிர்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் விடாதீர்கள். பக்கவாட்டாக நிற்கவேண்டும், அல்லது உங்களுக்கு அப்பால் சற்றுத் திரும்பி நிற்கவேண்டும். மரத்தின் மேலிருந்து விடும்போது கையை மட்டும் தாழ்த்தினால் இழுவை நீளம் மாறும், இடுப்பிலிருந்து குனியுங்கள். குளிர்ச் சட்டையின் கை நாணில் உரசினால் இத்தனை டியூனிங்கும் வீண், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே பயிற்சி செய்யுங்கள்.

மட்டுறுத்துநர்

படிப்பவர்களுக்கு: இது வில் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கான பேச்சு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஒன்ராறியோவில் மானுக்குக் காம்பவுண்ட் வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோ, அம்பு 600 மி.மீ. நீளம், முனை அகலம் 22 மி.மீ., குறைந்தது இரண்டு கூரான வெட்டு விளிம்பு இருக்கவேண்டும். பனங்காடு சொன்ன 60 இறாத்தல் 27 கிலோ, 28 அங்குலம் 711 மி.மீ. அளவில் குறையில்லை. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் தங்கள் மாகாண விதியைப் பாருங்கள், முனை வகைகளுக்கு இடத்துக்கு இடம் கட்டுப்பாடு உண்டு.

பனங்காடு

அந்த ஒரு அம்பில் இன்சர்ட் முகம்தான் கோணல், மை ஒரு பக்கம் அப்படியே நின்றது. தேய்த்தபின் சேர்ந்துவிட்டது. இன்னுமொரு கேள்வி: பயிற்சியில் விட்ட அதே பிராட்ஹெட்டைக் காட்டுக்கும் கொண்டுபோகலாமோ?

கூர்முனை (பென்சில்வேனியா)

முனையைக் கொண்டு போகலாம், பிளேடைக் கொண்டு போகக்கூடாது. ஃபோம் இலக்குல நாலு தடவை போனாலே விளிம்பு மழுங்கிடும். மழுங்கின பிளேடு ரத்தக்குழாயை வெட்டாம ஒதுக்கித் தள்ளிட்டுப் போகும். மாத்துற வகைன்னா புது பிளேடு போட்டு, ஒருதடவை சுழற்றிப் பாத்துட்டு, ஒரே ஒரு அம்பு மட்டும் 30 யார்ல விட்டு உறுதி பண்ணுங்க. அந்த அம்போட பிளேடையும் மறுபடி மாத்திடுங்க. மாத்த முடியாத ஒரே துண்டு முனைன்னா கல்லுல தீட்டி, தோல்ல இழுத்து, கை முடியைச் சிரைக்கிற கூர் வரணும். ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடிச்சு விளிம்பால லேசா தொட்டா உடனே அறுபடணும். சறுக்கினா இன்னும் தீட்டணும். கூர் வந்த பிறகு விளிம்புல ஒரு துளி எண்ணெய் தடவுங்க, ஈரத்துல ஒரே ராத்திரியில துரு பிடிச்சிடும்.